கன்று செத்தது பசுவுக்குத் தெரியுமா?

கன்று செத்துப்போனால் பல மாடுகள் கறக்க விடுவதில்லை. மடி கனத்திருக்கும், காம்பைத் தொட்டால் உதைக்கும், நாலு பீச்சு வந்ததும் பால் நின்றுவிடும். இதற்குக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழி வைத்திருந்தார்கள். செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் மாட்டின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாடு மோந்து பார்க்கும், நக்கத் தொடங்கும், சுரப்பு விடும். 'தோற்கன்று' என்று பழைய தமிழில் இதற்குப் பெயரே உண்டு.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களில் ஒருவர், "பாவம், கன்னு செத்ததுகூடத் தெரியாம தோலை நக்குது" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் அதுக்குத் தெரியும், கண்ணுல தண்ணி வடியுது பாருங்க" என்பார். கண்ணில் நீர் வடியத் தூசியும் எரிச்சலுமே போதும், அதை விட்டுவிடலாம். மற்றபடி இருவர் சொல்வதில் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மடியில் நடப்பதைப் பார்ப்போம். பசுவின் பாலில் பெரும்பகுதி காம்புக்கு மேலே தயாராகத் தேங்கி நிற்பதில்லை. மடிக்குள் இருக்கும் நுண்ணிய பைகளில் இருக்கிறது. கன்றின் வாசனை, முட்டல், உறிஞ்சல் எல்லாம் மூளைக்கு எட்டியதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடும். அது மடிக்கு வந்து, பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளை இறுக்கும். பால் கீழே இறங்கும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தொடங்கி, சில நிமிடங்களில் அடங்கிவிடும். சுரப்பு விட்டதும் நடுவில் எழுந்து போகாமல் கறந்து முடிக்கச் சொல்வது இதனால்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

இந்தச் சங்கிலி முழுவதிலும் 'கன்று உயிரோடு இருக்கிறது' என்ற எண்ணம் எங்குமே தேவைப்படவில்லை. வாசனை போதும். ஒருவர் புளியங்காயை உப்புத் தொட்டுக் கடிப்பதைப் பார்த்தாலே நமக்கு எச்சில் ஊறுகிறது. நம் வாயில் புளியங்காய் இல்லை என்று நமக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் ஊறுகிறது. மாட்டுக்கும் கன்று செத்தது தெரிந்தே சுரக்கலாம், தெரியாமலும் சுரக்கலாம். ஆகவே தோற்கன்றை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. விலங்கு மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி நெடுக இந்த முட்டுக்கட்டை வரும்: செயல் ஒன்று, அதற்குச் சாத்தியமான காரணங்கள் பல.

மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது

மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணியை அடித்த பசுவுக்கு நாம் மூன்று விஷயங்களைச் சேர்த்தே கொடுத்திருக்கிறோம். அதற்கு உள்ளுக்குள் ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. கன்றை இழந்த துயரம் இருந்தது. கன்று செத்துவிட்டது, இனி வராது என்ற அறிவும் இருந்தது.

முதலாவதுக்குப் பெயர் பிரக்ஞை. வலி, பசி, நிறம், வாசனை என்று எதையாவது அந்த உயிர் 'உணர்கிறதா', அல்லது தானாகத் திறக்கும் கதவுபோல உணர்வே இல்லாமல் இயங்குகிறதா என்ற கேள்வி. இரண்டாவது துயரம்: நெருங்கிய ஒன்று இல்லாமல் போனதால் வரும் வேதனை. மூன்றாவது, சாவு என்றால் என்ன என்ற கருத்து. ஒன்று இருந்தால் மற்றது இருந்தாக வேண்டும் என்பதில்லை. கன்றைச் சந்தையில் விற்றுவிட்டாலும் தாய்மாடு நாள்கணக்கில் கத்துகிறது. விற்ற கன்று எங்கோ உயிரோடுதான் இருக்கிறது. ஆக, கத்தல் பிரிவைக் காட்டுகிறது. சாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே ஒருவர் இருக்கிறாரா?

பிரக்ஞையை நேரடியாக அளக்கக் கருவி கிடையாது. மனிதரிடம் 'தெரிந்ததா?' என்று கேட்டுவிடலாம். விலங்கிடம் அந்தக் கேள்வியைச் செயலாக மாற்றிக் கேட்க வேண்டும். கேட்பதில் எங்கே சறுக்கும் என்பதற்கு நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லப்படும் பாடம் பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரை. கணக்குப் போட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் இரண்டு மாற்றங்களைச் செய்து பார்த்தார்: கேட்பவருக்கே விடை தெரியாமல் வைத்தார், கேட்பவர் குதிரையின் கண்ணில் படாமல் மறைத்தார். இரண்டிலும் ஹான்ஸ் தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமல் மயிரிழை அசைவதைக் குதிரை கவனித்துத் தட்டலை நிறுத்தியிருக்கிறது. 1907-இல் இது வெளியானதிலிருந்து, சோதனை நடத்துபவர் விலங்குக்குக் குறிப்புக் கொடுத்துவிடாதபடி தடுப்பது அடிப்படை விதியாகிவிட்டது.

நல்ல சோதனை எப்படி இருக்கும்? 2001-இல் ராபர்ட் ஹாம்ப்டன் இரண்டு ரீசஸ் குரங்குகளிடம் செய்தது இது. திரையில் ஒரு படம் வந்து மறையும். இடைவெளிக்குப் பிறகு குரங்குக்கு ஒரு தேர்வு: சோதனையை எழுதலாம், அல்லது தவிர்க்கலாம். எழுதினால் நான்கு படங்களில் முன்பு பார்த்ததைத் தொட வேண்டும். சரியாக இருந்தால் வேர்க்கடலை, தவறானால் ஒன்றும் இல்லை. தவிர்த்தால் நிச்சயமாகச் சாதாரணத் தீவன வில்லை ஒன்று கிடைக்கும். சில சுற்றுகளில் தவிர்க்க வழியே வைக்காமல் எழுத வைத்தார். குரங்குகள் தாமே விரும்பி எழுதிய சுற்றுகளில் மதிப்பெண் கூடுதலாக இருந்தது; கட்டாயப்படுத்திய சுற்றுகளில் குறைந்தது. படமே காட்டாமல் ஏமாற்றிய சுற்றுகளில் அவை பெரும்பாலும் தவிர்த்துவிட்டன. தேர்வு செய்யும் நொடியில் திரையில் உதவிக்கு எந்தப் படமும் இல்லை. 'எனக்கு ஞாபகம் இருக்கிறதா' என்று தன் நினைவையே எட்டிப் பார்த்தால்தான் இப்படிச் செய்ய முடியும். தேர்வை எந்த இடத்தில் வைப்பது என்ற ஒரே முடிவு இந்தச் சோதனையின் உயிர்.

ஜெர்மனியின் டூபிங்கனில் ஆண்ட்ரியாஸ் நீடரின் குழு 2020-இல் இரண்டு காகங்களிடம் இன்னும் ஒரு படி உள்ளே போனது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவு மங்கலான ஒளியைக் காட்டி, 'தெரிந்தது', 'தெரியவில்லை' என்று பதில் சொல்லப் பழக்கினார்கள். எந்த அசைவுக்கு எந்தப் பொருள் என்பதை ஒளி மறைந்த பிறகுதான் ஒரு வண்ணக் குறியால் அறிவித்தார்கள். அதனால் காகம் தலையை ஆட்ட முன்கூட்டியே தயாராக முடியாது. மூளை நரம்பணுக்கள் தொடக்கத்தில் ஒளியின் அளவைப் பின்பற்றின. பிறகு காகம் சொல்லப்போகும் பதிலைப் பின்பற்றின. ஒரே மங்கல் ஒளி ஒரு சமயம் 'தெரிந்தது' என்றும் மறுசமயம் 'தெரியவில்லை' என்றும் ஆனபோது, நரம்பணுக்களும் அதற்கேற்ப மாறின.

விலங்கு தன்னையே அடையாளம் காண்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்: உடம்பில் தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொட்டு வைத்து, கண்ணாடியைப் பார்த்து அதைத் தொடுகிறதா என்று பார்ப்பது. 1970-இல் கார்டன் கேலப் சிம்பன்சிகளிடம் தொடங்கினார். நாய்கள் இதில் தேறுவதில்லை. ஆனால் நாய் உலகை அறிவது மூக்கால். அதைக் கண்ணாடி முன் நிறுத்துவது நம்மை வாசனையால் நம் சட்டையை அடையாளம் காணச் சொல்வது மாதிரி. தோல்வியை வைத்து 'பிரக்ஞை இல்லை' என்று எழுதிவிடக் கூடாது.

இப்போது துறையில் பலர் நிற்கும் இடம், விஞ்ஞானிகளும் மெய்யியலாளர்களும் கையெழுத்திட்டு 2024 ஏப்ரலில் வெளியிட்ட நியூயார்க் பிரகடனத்தில் இருக்கிறது. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பிரக்ஞை உண்டு என்பதற்கு வலுவான அறிவியல் ஆதரவு. மீன், தவளை, பாம்பு உட்பட முதுகெலும்புள்ள எல்லாவற்றுக்கும், கணவாய், நண்டு, பூச்சி போன்ற பலவற்றுக்கும் மெய்யான சாத்தியம். பசு முதல் வரிசையிலேயே வந்துவிடுகிறது. ஆகவே 'அதற்கு உணர்வு இருக்கிறதா' என்பதை விட்டு, 'சாவைப் பற்றி என்ன தெரியும்' என்பதற்கு வரலாம்.

சாவை நாலு துண்டாக வெட்டினால்

குழந்தைகளுக்குச் சாவு எப்போது புரிகிறது என்று ஆராய்ந்தவர்கள் இந்தக் கருத்தைப் பிரித்து வைத்தார்கள். செத்தால் உடல் இயங்காது: பார்க்காது, உண்ணாது, வலிக்காது. செத்தது திரும்பாது. எல்லா உயிரும் சாகும். சாவுக்குக் காரணம் உண்டு. குழந்தைகள் பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் இவற்றைப் படிப்படியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 'தாத்தா எப்போ வருவார்' என்று சடங்கெல்லாம் முடிந்த பிறகும் கேட்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டாவது துண்டு இன்னும் வரவில்லை.

விலங்குகளிடம் நாலையும் ஒருங்கே கேட்பது நியாயமில்லை. ஸ்பானிய மெய்யியலாளர் சுசானா மொன்சோ, முதல் இரண்டும் இருந்தாலே குறைந்தபட்சக் கருத்து இருப்பதாகக் கொள்ளலாம் என்கிறார்: இது இயங்காது, இனியும் இயங்காது. தானும் ஒருநாள் சாவோம் என்று நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. இந்த அளவுகோல் எனக்குச் சரியாகவே படுகிறது. மனிதருக்கு இருக்கும் முழு உருவத்தைக் கேட்டால் எந்த விலங்கும் முதல் கேள்வியிலேயே வெளியே போய்விடும்.

இந்த அளவுகோலுக்குக் கீழே என்ன இருக்கும் என்பதற்கு எறும்பு. செத்த எறும்பைக் கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1958-இல் எட்வர்ட் வில்சனும் உடன் ஆய்வாளர்களும், எறும்புப் பிணத்தில் உருவாகும் ஒலியிக் அமிலத்தை எடுத்து உயிருள்ள எறும்பின் மேல் தடவினார்கள். காலை உதறிக்கொண்டிருந்த அதையும் மற்றவை தூக்கிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தன. அது தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்து முடிக்கும்வரை, திரும்பி வந்தபோதெல்லாம் மறுபடி தூக்கிக்கொண்டு போயின. இங்கே வேலை செய்வது வாசனை ஒன்றுதான். வேறு எறும்பு வகையில் இதற்கு நேர்மாறான குறியும் உண்டு: அர்ஜென்டினா எறும்பின் உடம்பில் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும் வேதிப்பொருள்கள் செத்த ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகின்றன.

காகம் எறும்புக்கு மேலே. ஒரு காக்கை மின்கம்பியில் அடிபட்டு விழுந்தால் ஊர்க் காக்கையெல்லாம் கூடிக் கரைவது நம் தெருவிலேயே நடப்பது. சியாட்டிலில் கேலி ஸ்விஃப்டும் ஜான் மார்ஸ்லஃபும் இதைச் சோதித்தார்கள். ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு, செத்த காகத்தைக் கையில் ஏந்தி, காகங்கள் தீனி தின்னும் இடத்துக்கு அருகில் நின்றார். காகங்கள் கூடி இரைந்தன. பிறகு அதே முகமூடி வெறுங்கையோடு வந்தபோதும், ஆறு வாரம் வரை, அவற்றில் பல அந்த முகத்தைக் கண்டு கத்தின. செத்த புறாவை ஏந்தியபோது எதிர்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் அந்தக் கூட்டத்தில் நடப்பதில் ஒரு பகுதி பாடம்: இங்கே ஆபத்து, இந்த ஆளிடம் ஆபத்து. அங்கே துக்கமும் இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை தொடவே இல்லை.

அமெரிக்காவின் ஒப்போசம் வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் காட்டுகிறது. பூனை அளவுள்ள இந்தப் பைப்பாலூட்டி, தப்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் சாய்ந்து விழும். வாய் திறந்து நாக்குத் தொங்கும், எச்சில் ஒழுகும், மூச்சும் இதயத் துடிப்பும் குறையும், குதச் சுரப்பியிலிருந்து பச்சை நிறத்தில் நாறும் திரவம் வடியும். இதை அது யோசித்துச் செய்வதில்லை; தானாக நடக்கும் எதிர்வினை. மொன்சோவின் வாதம் ஒப்போசத்தைப் பற்றியது அல்ல, அதைத் தின்ன வந்த விலங்கைப் பற்றியது. அசையாமல் கிடப்பது மட்டுமே போதுமென்றால் நாற்றமும் தொங்கும் நாக்கும் எதற்கு? இத்தனை அடையாளமும் ஒரே நடிப்பில் சேர்ந்து வளர்ந்திருப்பது, வேட்டையாடும் விலங்குகள் 'செத்தது' என்று ஒரு வகையைப் பிரித்து அறிந்திருப்பதால்தான் என்கிறார். இதற்கு மறுப்பும் உண்டு: அசைவு நின்றால் துரத்தும் வேகம் தணியும், அழுகல் நாற்றம் நோய்க்கு அஞ்சி விலகச் செய்யும், தனித்தனி எதிர்வினைகளே போதும். எனக்கு மொன்சோ சொல்வதுதான் கனமாகத் தெரிகிறது. தினமும் கொல்லும் விலங்குக்கு, பிடியில் இருப்பது எப்போது திமிறுவதை நிறுத்துகிறது, அதன்பின் மறுபடி எழுமா என்று கற்க நூற்றுக்கணக்கான வாய்ப்பு அமைகிறது. துயரப்படும் தாயிடமே சாவின் அறிவைத் தேடிக்கொண்டிருந்த நாம், சிறுத்தையிடமும் தேடியிருக்க வேண்டும்.

செத்த குட்டியைச் சுமக்கும் தாய்

2018-இல் தாலெக்வா என்ற ஓர்கா திமிங்கிலம் செத்த குட்டியை 17 நாள் தலையால் தாங்கிக்கொண்டு பசிபிக் கடலில் நீந்தியது. கினி நாட்டின் போசூ காட்டில் 2003-இல் ஒரு சிம்பன்சித் தாய், காய்ந்து கருவாடாகிப்போன குட்டியின் உடலை 68 நாள் சுமந்தது. 'செத்தது தெரியாததால் சுமக்கிறது' என்பது ஒரு விளக்கம். 'தெரியும், விட மனமில்லை' என்பது இன்னொன்று. 'கைக்குழந்தையைக் கீழே விடாதே என்ற உடற்பழக்கம் நிற்க நாளாகிறது' என்பது மூன்றாவது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி, நிறையச் சம்பவங்களைச் சேர்த்து ஒப்பிடுவது. 2021-இல் வந்த ஓர் ஆய்வு 50 குரங்கு, லெமூர் இனங்களில் 409 குட்டி மரணங்களைத் திரட்டியது. 80 சதவீத இனங்களில் சுமப்பது பதிவாகியிருந்தது. நோயால் செத்த குட்டியைவிட, அடிபட்டோ கொல்லப்பட்டோ செத்த குட்டியைத் தாய் சுமப்பது குறைவு. வயது முதிர்ந்த தாயைவிட இளந்தாய்கள் அதிகம் சுமந்தன. முதலாவது விவரம், சாவின் அடையாளம் கண்கூடாக இருந்தால் புரிவது எளிது என்பதோடு ஒத்துப்போகிறது. இரண்டாவது, அனுபவத்தால் கற்பதோடு. வெறும் உடற்பழக்கம் என்றால் இந்த வேறுபாடுகள் வரக் காரணம் இல்லை.

யானையைப் பற்றி நம் பக்கத்திலேயே வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 2022-இல், யூடியூபில் மக்கள் ஏற்றிய காணொளிகளிலிருந்து ஆசிய யானைகள் சாவை எதிர்கொண்ட 24 நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். செத்த கன்றைத் துதிக்கையால் பிடித்துத் தூக்கிப் போவது, காலால் தொட்டு எழுப்பப் பார்ப்பது, பக்கத்திலேயே நிற்பது எல்லாம் அவற்றில் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் 2006-இல் வெளியான சோதனையில் ஆப்பிரிக்க யானைகள், எருமை, காண்டாமிருக மண்டையோடுகளைவிட யானையின் மண்டையோட்டைக் கூடுதலாகத் தொட்டு ஆராய்ந்தன. தந்தத்தில் அதைவிட ஆர்வம். ஆனால் தங்கள் குடும்பத் தலைவியின் மண்டையோட்டை மற்றத் தலைவிகளுடையதிலிருந்து பிரித்து நாடவில்லை. 'யானை தன் பாட்டியின் எலும்பைத் தேடிப் போகிறது' என்ற பேச்சுக்கு அந்தச் சோதனையில் ஆதரவு இல்லை.

வட வங்கத் தேயிலைத் தோட்டங்களில் ஐந்து குட்டிகள் வடிகால் பள்ளங்களில் கால் மேலே இருக்கும்படி மண்மூடிக் கிடந்ததைப் பற்றி 2024-இல் ஒரு கட்டுரை வந்தது. யானைகள் அடக்கம் செய்கின்றன என்று செய்தியானது. கூட்டம் பிறகு அந்தப் பாதையைத் தவிர்த்தது கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் ஐந்தே நிகழ்வு. ஐந்தும் பள்ளம் ஏற்கெனவே வெட்டியிருந்த இடங்கள். பள்ளம் இல்லாத இடத்தில் செத்த குட்டியை என்ன செய்கின்றன என்பதை அருகில் வைத்துப் பார்க்காமல் 'அடக்கம்' என்ற சொல்லை நான் எழுத மாட்டேன்.

துயரத்தைத் தனியே அளக்க முடியும், அதுவும் தொடாமலேயே. போட்ஸ்வானாவில் பபூன் குரங்குகளின் சாணத்தைச் சேகரித்து அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். நெருங்கிய உறவை வேட்டை விலங்குக்குப் பறிகொடுத்த பெண் குரங்குகளிடம் அடுத்த மாதம் அது உயர்ந்திருந்தது. அவை புதிய கூட்டாளிகளோடு பேன் பார்ப்பதையும் கூட்டிக்கொண்டன. பிறகு ஹார்மோன் பழைய நிலைக்கு இறங்கியது. துயரம் உடம்பில் இருக்கிறது, ஆறுதல் தேடலும் இருக்கிறது. சாவு புரிந்ததா என்பதற்கு மட்டும் சாணத்தில் விடை இல்லை.

நீங்களே பார்க்க நேர்ந்தால்

பெரும்பாலான காணொளிகள் பயன்படாமல் போவதற்குக் காரணம், அவை சுவாரசியமான நொடியில் தொடங்குவதுதான். குரங்கோ நாயோ செத்த துணையின் அருகில் இருப்பதைக் கண்டால், கைப்பேசியை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒன்றும் நடக்காத நேரத்தையும் சேர்த்துப் பதியுங்கள். குறிப்பெடுக்கும்போது 'சோகமாகத் தடவியது' என்று எழுத வேண்டாம். '4:10, வலக் கையால் முகத்தைத் தொட்டது, மூன்று முறை' என்று எழுதுங்கள். செத்தது எப்படி, செத்ததற்கும் இதற்கும் என்ன உறவு, மற்றவை எவ்வளவு தூரத்தில் நின்றன, எப்போது விலகியது, மறுநாள் வந்ததா என்பதெல்லாம் வேண்டும். அதே விலங்கு தூங்கும் துணையிடம் எப்படி நடக்கிறது என்று வேறொரு நாள் பார்த்துக் குறித்தால் அந்தக் குறிப்பின் மதிப்பு பல மடங்கு கூடும். செத்த குட்டியோடு நிற்கும் யானையை நெருங்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். செத்த காகத்தை வெறுங்கையால் எடுக்காதீர்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

வீட்டில் இரண்டு நாய்களில் ஒன்று போய்விட்டால் மற்றது மாறிப்போவதை 2022-இல் இத்தாலியில் 426 நாய் வளர்ப்போரிடம் கேட்டார்கள். 86 சதவீதத்தினர் மாற்றம் கண்டதாகச் சொன்னார்கள். சொன்னவர்களும் துக்கத்தில் இருந்தவர்கள், நாயும் அவர்கள் முகத்தைப் படித்திருக்கும் என்பதை நினைவில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். உணவு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். பூனையாக இருந்து, இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை என்றால் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பட்டினியில் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும், மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

மாட்டுக்கு வருவோம். தோற்கன்று சொல்லாததைச் சொல்லவைக்க ஓர் ஒப்பீடு போதும். கன்று விற்கப்பட்ட மாடுகள் சில, கன்று செத்து அந்த உடலை மோந்து நக்க விடப்பட்ட மாடுகள் சில, கன்று செத்தும் உடலைக் காணாத மாடுகள் சில. மூன்று வகையிலும் தாய்கள் எத்தனை மணி நேரம் கத்துகின்றன, கன்று கட்டிய முளைக்கு எத்தனை முறை திரும்பிப் போகின்றன என்று எண்ண வேண்டும். கன்றின் வயதும், தாய்க்கு எத்தனையாவது ஈற்று என்பதும் மூன்றிலும் ஒத்திருக்க வேண்டும். எண்ணுபவருக்கு எந்த மாடு எந்த வகை என்று தெரியக் கூடாது. உடலைப் பார்த்த மாடுகள் மட்டும் தேடுவதைச் சீக்கிரம் நிறுத்தினால், அந்த மோப்பத்தில் அவை ஏதோ ஒன்றை அறிந்துகொண்டன என்று பேசத் தொடங்கலாம்.